மூன்று புள்ளி விமர்சனம்

கடலோர ஊரான ஹெஸ்ட்விக்கின் மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்து மீன் அறுக்கும் ஹெர்டிஸுக்கு ஐம்பத்து நான்கு வயதில் சினிமா வாய்ப்பு வந்தது. கதைப்படி கதாநாயகி கல்யாண கவுனோடு மீன்படகைத் திருடிக்கொண்டு கடலில் தப்பி ஓட வேண்டும். ஆஸ்லோவிலிருந்து வந்த நடிகைக்கோ படகில் கால் வைத்ததுமே குமட்டல்.

"படகு ஓட்டத் தெரிஞ்ச பொம்பளை யாராவது இருக்கீங்களா?" என்று படமெடுக்க வந்திருந்த இளம் பெண் இயக்குநர் இங்வில் கெஞ்ச, தோழிகள் ஹெர்டிஸைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள்.

கணவனைக் கடல் கொண்டுபோன பிறகு அவள் படகைத் தொட்டதே இல்லை. அன்று வெள்ளை கவுனும் பொய்முடியுமாக அலைகளைக் கிழித்துக்கொண்டு போனாள். கரைக்குத் திரும்பியபோது, தான் அழுகிறோமா சிரிக்கிறோமா என்று அவளுக்கே புரியவில்லை.

கரையில் காபிக் குடுவையோடு நின்றவர் ஹால்கேர். மீன் விலை முதல் மரண அறிவிப்பு வரை ஊர்ப் பத்திரிகைக்கு எழுதுகிற தனிக்கட்டை. காபியை ஊற்றி நீட்டியவர், சட்டென்று கேட்டார்:

"என்னைக் கட்டிக்கிறியா, ஹெர்டிஸ்?"

"தண்ணியில கிடந்தது நானு. உறைஞ்சது உன் மூளையா?"

சிரித்து மழுப்பினாள். ஆனால் நெஞ்சுக்குள் ஒரு முள். விதவையாயிற்றே என்ற பரிதாபத்தில் கேட்கிறாரோ? பரிதாபத்தை நம்பி ஒரு வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பது? பதில் சொல்லாமலே மாதங்களைக் கடத்தினாள். அவரும் மறுபடி கேட்கவில்லை.

இலையுதிர் காலத்தில் படம் வெளியானது. அந்த நாட்டு வழக்கப்படி ஒவ்வொரு விமர்சனத்தின் தலையிலும் ஒரு பகடை முகம் அச்சாகும். ஆறு புள்ளி என்றால் ஓடிப்போய்ப் பார். ஒரு புள்ளி என்றால் ஓடியே போய்விடு. தலைநகரத்துப் பத்திரிகைகள் இரண்டு புள்ளிக்கு மேல் தரவில்லை. 'சோப்பு நுரைக்குக்கூட இதைவிடக் கனம் உண்டு' என்றது ஒன்று. ஹெஸ்ட்விக் கொதித்துப் போனது. நகராட்சித் திரையரங்கில் ஊரே கூடி, படகுக் காட்சிக்கு எழுந்து நின்று கைதட்டியது. நம்ம ஹால்கேர் ஆறு போட்டு அவர்கள் வாயை அடைப்பார் என்று எல்லோரும் நம்பினார்கள்.

மறுநாள் பத்திரிகை வந்தது. மூன்று புள்ளி.

"மூணா? சொந்த ஊருக்கே மூணா?"

"இனிமே அந்த ஆளுக்கு என் வீட்டுல ஒரு துண்டு வாஃபிள்கூடக் கிடையாது!"

தொழிற்சாலை உணவறையே கத்தியது. ஹெர்டிஸ் அந்த மூன்று புள்ளிகளையே பார்த்தாள். என்மேல் பரிதாபம்கூட இல்லையா இவருக்கு? பத்திரிகையைச் சுருட்டி மேசை ஓரத்தில் வீசினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குட்னி, பாலாடைக்கட்டி வைத்த ரொட்டியை மென்றபடி அதை எடுத்துப் பிரித்தாள். மெல்லுவது நின்றுபோனது.

"அடியே... இந்த ஊர்ல புள்ளியை எண்ணத்தான் தெரியுமா? எழுத்தை ஒருத்திகூடப் படிக்கலையா? கேளுங்கடி!"

எழுந்து நின்று உரக்கப் படித்தாள்: "'வாசகர்களிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் படத்தில் படகு ஓட்டும் பெண்ணை மணக்க விரும்புகிறேன். அவரிடம் கேட்டும்விட்டேன், பதில் வரவில்லை. எனவே என் தீர்ப்பைச் சந்தேகத்தோடு படியுங்கள். வேறு யாரையாவது எழுதச் சொல்லி ஆசிரியரிடம் மன்றாடினேன். ஊரில் இந்தப் படத்தில் தலைகாட்டாத ஆள் நான் ஒருவன்தானாம். கதை சுமார். காதல் வசனங்கள் மரக்கட்டை. ஆனால் அந்தப் பெண் கடலுக்குள் போனபோது, குறிப்பெடுக்க வந்தவன் என்பதையே மறந்துவிட்டேன்.'"

ஹெர்டிஸின் கண்கள் நிறைந்து வழிந்தன. தனக்குப் பிடித்தவள் நடித்த படத்துக்கே ஒரு புள்ளி கூட்டிப் போட மனம் வராதவர், பரிதாபப்பட்டுக் காதலைக் கூட்டிச் சொல்வாரா?

ரப்பர் பூட்ஸும் மீன் செதில் ஒட்டிய ஏப்ரனுமாகப் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தாள்.

"இன்னொரு புள்ளி போட்டா உன் கை முறிஞ்சிருக்குமா?"

"படம் சுமார்தானே, ஹெர்டிஸ்." ஹால்கேர் பேனாவைக் கீழே வைத்தார். "காலையிலேருந்து வழியில பார்த்தவங்க எல்லாம் திட்டுறாங்க. நீயும் திட்டத்தான் வந்தியா? நான் எழுதினதுக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே?"

"படிச்சாத்தானே சொல்லுவாங்க! நானே இப்பத்தான் கேட்டேன்." ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன்னைக் கட்டிக்கிறேன். போதுமா?"

அவர் நாற்காலியிலிருந்து எழுந்த வேகத்தில் மேசைமேல் இருந்த காபி கவிழ்ந்தது. அதை யாரும் துடைக்கவில்லை.

வசந்தத்தில் கல்யாணம் என்று முடிவானதும் ஹெர்டிஸ் முதலில் தொலைபேசியில் அழைத்தது இங்வில்லைத்தான். விமர்சனங்களால் நொந்து, இனிப் படமே எடுப்பதில்லை என்று அந்தப் பெண் முடங்கிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தாள்.

"நல்ல படம்னு பொய் சொல்ல மாட்டேன்மா. எங்க வீட்டுக்காரரும் சொல்ல மாட்டார். ஆனா நான் மறுபடி கடலுக்குப் போனது உன்னால. இந்த வயசுல எனக்கு ஒரு துணை வந்ததும் உன்னால. உனக்கு நான் எப்படி நன்றி சொல்லுவேன்?"

மறுமுனையில் நெடுநேரம் விம்மல் மட்டுமே கேட்டது. ஹெர்டிஸ் தொலைபேசியை வைக்காமல் பொறுமையாகக் காத்திருந்தாள்.