ஹைட் பார்க்கில் வைத்த சாதம்

அறுபதுகளில் ஆபீஸ் என்னைப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பியது. அப்பாவின் திதியன்று ஒரு பிடி சாதத்தோடு ஹைட் பார்க்குக்குப் போனேன். மரத்தில் காக்கை இருந்தது. சுற்றிலும் வெள்ளைக்காரர்கள்; கா கா என்று கூப்பிட வெட்கமாக இருந்தது. அதற்குள் குளத்து வாத்து ஒன்று வந்து சாதத்தைத் தின்றுவிட்டது. அம்மாவுக்கோ, காக்கை எடுத்ததாகக் கடிதம் எழுதினேன்.

மாட்டுங்கா வீட்டுக்குத் திரும்பியும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த திதியன்று மொட்டைமாடியில் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். சாதத்தை வைத்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன். காக்கை ஒன்று வந்து உட்கார்ந்தது.

"வாங்கோ," என்றாள் அம்மா அதைப் பார்த்து. "லண்டன்ல வாத்தா வந்து சாப்பிட்டேளாமே."

அதற்குப் பிறகு எங்கே வாத்தைப் பார்த்தாலும் என் கை தானாகக் குவிந்துவிடுகிறது.