கண்ணியை எண்ணச் சொன்ன குரல்

என் அலுமாரியில் செபமாலைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கசெட் கிடக்கிறது. அதைப் போட்டுக் கேட்க இப்போது வீட்டில் ரேப் ரெக்கோடர் இல்லை. ஆனாலும் எறிய மனம் வரவில்லை. அதற்குள் என் மச்சாளின் குரல் இருக்கிறது.

மச்சாள் என் கணவரின் அக்கா; அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார். நறுவிலிக்குளத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் கதை என்றால் எனக்கு உயிர். கையிலோ எந்நேரமும் குரோஷே ஊசி. அதனால் மச்சாள் கதைப் புத்தகங்களைத் தானே வாசித்துப் பதிந்து, சனிக்கிழமைகளில் பள்ளிமுனையில் எங்கள் வீட்டுக்கு வரும்போது கொண்டுவந்து தருவார். அவர் குரலுக்குப் பின்னால் வயலில் மயில் அகவுவதும் கேட்கும். கதையில் மூழ்கினால் நான் பின்னல் கண்ணிகளின் எண்ணிக்கையைத் தவறவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். ஆகவே இடையிடையே வாசிப்பை நிறுத்தி, வகுப்பில் பேசுகிற குரலில் சொல்லுவார்: “கண்ணியை எண்ணிப் பாரும் மச்சாள். கதை எங்கையும் ஓடாது.”

ஒரு வருடம், என் மூத்தவன் கடும் காய்ச்சலிலிருந்து எழும்பியதற்கு நேர்த்திக்கடனாக, கோயில் திருநாளுக்குப் பீடத்துணியின் கரையைப் பின்னினேன். அதையும் கதை கேட்டபடியேதான் பின்னினேன். கதையில் ஒரு பெண்பிள்ளை தாயோடு கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிற இடம் வந்தது. வாசித்த மச்சாளுக்கே குரல் உடைந்துவிட்டது. எண்ணச் சொல்ல மறந்துபோனார். நானும் அழுதழுது பின்னினேன். பிறகு விரித்துப் பார்த்தால், ஒரு முழ நீளத்துக்குப் பூக்கள் கோணிக்கொண்டு நிற்கின்றன. திருநாளுக்கு நாலே நாள்.

நேர்த்தி வேலையில் கதை கேட்டது பாவம், ஆண்டவர் காட்டித் தந்துவிட்டார் என்று நடுங்கிப்போனேன். பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடம், கதையையும் சேர்த்துச் சொன்னேன். தட்டிக்கு அப்பாலிருந்து சுவாமியின் குரல் வந்தது.

“பிழையை அவிட்டுப் பின்னுங்கோ பிள்ளை. ஆண்டவரும் கதை சொல்லித்தானே சனத்தை இருத்தி வைச்சவர்.” பிறகு மெல்லக் கேட்டார்: “அந்தப் பெட்டை திரும்பி வந்தவளோ?”

“தெரியாது சுவாமி. பயத்தில நிப்பாட்டிப்போட்டன்.”

“அப்ப போய்க் கேளுங்கோ.”

அவிழ்த்தேன்; கேட்டேன்; பின்னினேன். திருநாளுக்கு முதல்நாள் துணியைக் கொண்டுபோனபோது சுவாமி ஒன்றும் கேட்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே எடுக்கக் கூடாதே. நானே சொன்னேன்: “வந்திட்டாள் சுவாமி.” அவர் சிரித்தபடி துணியைப் பீடத்தில் விரித்தார். ஒரு பூவும் கோணவில்லை.

மச்சாள் இப்போது மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். கண் எழுத்தைப் பிடிப்பதில்லை. கை மட்டும் பேரப்பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னுகிறது. எழுத்துக்கூட்டுகிற நான்தான் இன்று கதைப் புத்தகம் வாசித்து, கைபேசியில் பதிந்து அவருக்கு அனுப்புகிறேன். ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம் போகும். என் குரலுக்குப் பின்னால் மீன்காரர் கூவுவார். போன கிழமை ஒரு சோகமான இடத்தில் வாசிப்பை நிறுத்தி மூக்கைச் சிந்தினேன். ஆனாலும் சொல்ல மறக்கவில்லை: “கண்ணியை எண்ணிப் பாருங்கோ மச்சாள். கதை எங்கையும் ஓடாது.”

பதில் வந்தது: “பிந்திப்போச்சு. தொப்பி கோணிப்போச்சு. நான் அவிட்டுப் பின்னுறன், நீர் வாசியும்.”

அலுமாரியைத் திறந்து அந்தக் கசெட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். பிறகு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.