புதுச்சேரி தூங்கிய மதியம்

வருடம் எண்பத்தேழு, மாசி மாதம். காலை ஆறரை மணிக்கு நாகப்பட்டினத்தில் புதுச்சேரி பஸ் ஏறினோம், நானும் என் வகுப்புத் தோழி ஜெயந்தியும். டிக்கெட் பதினான்கு ரூபாய். தூரம் ஏறக்குறைய நூற்று நாற்பது கிலோமீட்டர்.

அங்கே ஒரு கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு ஆராய்ச்சிப் போட்டி. கடலின் உப்பு எங்கள் ஊர்க் கிணறுகளுக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது எங்கள் தலைப்பு. "பரிசோட வந்தா என்கிட்ட ஆராய்ச்சிக்குச் சேத்துக்கறேன். இல்லேன்னா பேசாம பி.எட். போயிடும்மா" என்று துறைத் தலைவர் என்னிடம் சொல்லியிருந்தார். எனக்கு பி.எட். போகும் உத்தேசம் துளியும் கிடையாது. ஜெயித்துவிட்டுத்தான் மறு வேலை என்று கிளம்பினேன்.

"சார்ட்டா? மேல வெச்சா கசங்கிடும், இப்படிக் குடும்மா" என்று ஓட்டுநர் எங்கள் சுருளை வாங்கித் தன் பக்கத்தில் என்ஜின் பெட்டிமேல் வைத்தார். ராஜ மரியாதை! கைவியர்வை பட்டால் ஸ்கெட்ச் பேனா சாயம் கரையும் என்று எல்லாப் படங்களையும் மெழுகு கிரேயானால் தீட்டியிருந்தோம். கடலூர் தாண்டும்போது மெழுகுவர்த்தி வாசனை வந்தது.

"யாரோ மாதா கோயிலுக்குப் போறாங்க போலடி" என்றாள் ஜெயந்தி.

பதினொன்றரைக்குப் புதுச்சேரியில் இறங்கி ஓர் ஓட்டலில் உட்கார்ந்து சுருளைப் பிரித்தோம். என்ஜின் சூட்டில் மெழுகு உருகி, ஒரு தாளின் சிவப்பு அடுத்த தாளில். நீலம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஜெயந்தி மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

"அழுவாதடி. நம்ம முறை மூணு மணிக்குத்தானே? முதல்ல சாப்பிடு. அப்புறம் புது சார்ட் வாங்கிப் போட்டுடலாம்" என்றேன். சாம்பார் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பன்னிரண்டரைக்கு இரண்டு ரூபாய் பேசி சைக்கிள் ரிக்ஷாவில் கடைத்தெருவுக்குப் போனால், ஒரு கடை திறந்திருக்க வேண்டுமே! தெரு முழுக்க இழுத்து மூடியிருந்தது.

"யாராச்சும் தலைவர் போயிட்டாரா?" என்று பதறினேன்.

ரிக்ஷாக்காரர் சிரித்துவிட்டார். "இன்னாம்மா, ஊருக்குப் புதுசா? சாப்ட்டுட்டுப் படுத்துட்டாங்க. பிரெஞ்சுக்காரன் காலத்துலேர்ந்து இப்படித்தான். நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க."

"தட்டினா எழுந்துக்க மாட்டாங்களா?"

"எழுந்துப்பாங்க. திட்டிட்டு மறுபடியும் படுத்துப்பாங்க."

போட்டி நடந்த இடத்தில் வரைந்து காட்டக் கரும்பலகையும் இல்லை. கல்யாண மண்டபம்போல ஒரு மேடை, ஒரு மைக், நடுவர்களுக்கு ஒரு நீள மேஜை. முன்னால் வந்த ஐந்து குழுக்களும் அழகழகான சார்ட்டுகளைத் தொங்கவிட்டுக் குச்சியால் தொட்டுக் காட்டின. பையைத் துழாவினேன். ஏழு கிணறுகளின் தண்ணீர் ஏழு புட்டிகளில் பத்திரமாக இருந்தது. கூடவே சோதனைக் குழாய்களும் தாங்கியும், ஒரு கறுப்புப் புட்டியில் உப்புத் தண்ணீரை வெள்ளையாக்கும் சில்வர் நைட்ரேட் கரைசலும். 'யாராவது கேட்டால் மட்டும் ஒரே ஒரு குழாயில் செய்து காட்டு, விலை ஜாஸ்தி' என்று துறைத் தலைவர் கொடுத்தது.

"ஏழுலயும் ஊத்தப் போறேன்" என்றேன்.

"சார் கொன்னுடுவாரு!"

"ஜெயிச்சா கொல்ல மாட்டாரு."

மூன்று மணி. மேடையேறி, கடலோரக் கிணற்றிலிருந்து கடலுக்கு வெகு தள்ளியிருந்த கிணறு வரை வரிசையாக ஏழு குழாய்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொன்றிலும் அதே அளவு கரைசலை விட்டேன். முதல் குழாய் தயிராகத் திரண்டது. அடுத்தது பால். அதற்கடுத்தது அரிசி களைந்த தண்ணீர். இப்படியே வெள்ளை குறைந்துகொண்டே போய் ஏழாவதில் லேசான மங்கல் மட்டும். "வெள்ளை எவ்வளவோ, உப்பு அவ்வளவு. இதுதாங்க எங்க வரைபடம்" என்றேன். பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

நடுவர்களில் ஒரு மூத்த பேராசிரியை. அங்கே எல்லோரும் அவரைப் பிரெஞ்சு பாணியில் 'மதாம்' என்றே கூப்பிட்டார்கள். தன் முன்னால் இருந்த தம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "உங்க ஊர் கதை சரி. எங்க ஊர் தண்ணி எப்படி இருக்குன்னு சொல்லும்மா."

அதிலிருந்தும் அதே அளவு எடுத்துக் கரைசலை விட்டேன். கலங்கியது. அந்தக் குழாயை நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் செருகி, "உங்க ஊர் இங்க நிக்குதுங்க மதாம்" என்றேன்.

மண்டபமே சிரித்தது. மதாம் தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுக் குழாய்களை மறுபடி ஒருமுறை பார்த்தார்.

முதல் பரிசு உள்ளூர்க் குழுவுக்கு. இரண்டாவது எங்களுக்கு. ஜெயந்தியின் முகம் வாடியது. "பரிசோட வான்னுதானே சொன்னாரு, எத்தனாவதுன்னு சொன்னாரா? வாடி!" என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

ஐந்தரை மணிக்குப் பஸ் நிலையம் திரும்பும் வழியில் தெரு முழுக்க விழித்திருந்தது. ஒரு கடை வாசலில் சார்ட் தாள்கள் கலர் கலராகத் தொங்கின. எங்கள் ஊரில் எந்தக் கடைக்காரரும் மதியம் படுக்க மாட்டார். இங்கேயும் அப்படி இருந்திருந்தால், சார்ட் வாங்கி, ஐந்தோடு ஆறாவதாக நானும் குச்சியால் தொட்டுக் காட்டிவிட்டு இறங்கியிருப்பேன். அந்தத் தூக்கத்துக்கு மனதார நன்றி சொன்னேன்.

நாகப்பட்டினம் வண்டியில் ஏறினோம். என் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்து, காலையில் வந்த அதே ஓட்டுநர் கை நீட்டினார். "கசங்கிடும்மா. குடு, இப்படி வெக்கிறேன்."

"வேணாண்ணே" என்று இருவரும் ஒரே குரலில் கத்தினோம். ஊர் வந்து சேரும்வரை அது என் மடியிலேயே இருந்தது.