முன்கூட்டிச் சொன்ன நன்றி

ஒரு சின்னத் தீவு நாட்டின் போக்குவரத்து அமைச்சரைப் பற்றி எங்கள் கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் எம்.எல்.ஏ. எந்த ஊர்க்காரர் என்று கேட்டால் தடுமாறுகிற பெண்கள்கூட, அந்த அமைச்சர் முதலில் என்ன வேலை பார்த்தார், எந்தத் தேர்தலில் தோற்றார் என்று சொல்வார்கள். சொல்லிக்கொடுத்தவள் நான்.

அப்பா போயிருந்த விசைப்படகின் எஞ்சின் நடுக்கடலில் பழுதாகி, நீரோட்டம் படகை அந்த நாட்டின் எல்லைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அனுமதியில்லாமல் மீன்பிடிக்க வந்தவர்கள் என்று படகையும் ஆட்களையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அங்கே துறைமுகமும் படகும் போக்குவரத்து அமைச்சரின் பொறுப்பு. அவர் கையெழுத்துப் போட்டால் வீடு, போடாவிட்டால் வழக்கும் சிறையும். அதிகாரிகளிடம் கேட்டு இதைத் தெரிந்துகொண்டு வந்ததும் நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். நான் வாசித்தால்தான் எங்கள் தெருவுக்கு விஷயம் தெரியும் என்பதில் எனக்குப் பெருமைதான்.

பள்ளிவிட்டு வந்ததும் அந்த நாட்டின் ஆங்கிலச் செய்திகளைப் போனில் தேடுவேன். அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அமைச்சர் சின்ன வயதில் தீவுகளுக்கிடையே ஓடும் சரக்குப் படகில் எடுபிடி. பிறகு எஞ்சின் வேலை கற்றார், படகு ஓட்டினார், படகோட்டிகளுக்குச் சங்கம் வைத்தார். முதல் தேர்தலில் தோற்று, அடுத்ததில் ஜெயித்தார். எல்லாத் தீவுக்கும் பயணிகள் படகு விடுவேன் என்று சொல்லித்தான் அமைச்சரானார். பாதித் தீவுகளுக்கு விட்டார். மீதித் தீவுக்காரர்கள் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வள்ளத்துல பொழச்சவனா? அப்ப விட்டிருவான்," என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டுச் சித்தி சிரிக்காமல் சொன்னாள்: "எங்க மாமனாரும் வள்ளத்துல பொழச்ச ஆளுதான். எனக்கு ஒருநாளு நல்ல வாக்கு சொல்லியிருக்காரா?"

ஒருநாள் அவர் தொலைக்காட்சியில் பேசியது செய்தியாக வந்தது. எஞ்சின் பழுதாகி வந்தவனைக் கள்ளனாக நடத்தக்கூடாது, விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று சொல்லியிருந்தார். இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்ததாக ஞாபகமில்லை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால், செய்யவேண்டியவருக்கு முதலில் நன்றி சொல்லி ஃபிளெக்ஸ் போர்டு வைத்துவிடுவார்கள். கடலரிப்புக்குக் கல் போட யாருமே உத்தரவிடாதபோது, கல் போட்டுத் தந்த எம்.எல்.ஏ.வுக்கு நன்றி என்று போர்டு வைத்தார்கள். அவர் வெட்கத்துக்குப் பயந்து கல் போட்டார். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அப்படிப்பட்ட போர்டுகளில் தேர்ந்த ஆள். அன்று மாலையே அமைச்சரின் படம் கேட்டு வந்தார்.

இன்னும் கையெழுத்தாகவில்லை, பொறுங்கள் என்றேன்.

"ஆவாததுக்குத்தாம்ட்டி போர்டு. ஆனபெறகு எவன் வைப்பான்?"

படத்தை அவரே இணையத்தில் தேடி எடுத்துக்கொண்டார். ஆங்கில வரியை மட்டும் என்னிடம் காட்டினார். பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். சிலுவை நிற்கும் குருசடி முக்கில் போர்டு ஏறியது. கும்பிட்டு நிற்கும் வேறு யாருடைய உடம்பிலோ அமைச்சரின் முகத்தை ஒட்டியிருந்தார்கள். கீழே மாமாவும் இளைஞர் மன்றத்துப் பையன்களும் வரிசையாக, கூலிங்கிளாசோடு. எங்கள் சகோதரர்களை விடுவித்த அமைச்சருக்கு நன்றி.

வளைகுடாவில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் படத்தை அனுப்பி அனுப்பி, அது அந்தத் தீவு வரைக்கும் போய்விட்டது. இவர் எந்த நாட்டுக்கு அமைச்சர் என்று அங்கே எதிர்க்கட்சி கேட்டது. விசாரணை முடியுமுன் எப்படி விடுவித்தார், அதற்கு என்ன வாங்கினார் என்று கேட்டது. படகு வராத தீவுகளின் கோபமும் அதில் சேர்ந்துகொண்டது. சில நாட்களில் அவர் பதவி விலகினார். எடுபிடி வேலை முதல் அமைச்சர் பதவி வரை ஒரே கட்டுரையில் போட்டிருந்தார்கள். எல்லாம் நான் முன்பே வாசித்துக் காட்டியவை. கடைசி வரி மட்டும் புதிது. பெண்களுக்கு அதையும் வாசித்தேன். பாடம் நடத்தும் குரலில்தான் வாசித்திருக்கிறேன் என்று பிறகு தோன்றியது.

அடுத்து வருகிறவன் யார் என்று அம்மா கேட்டாள். ஒரு வக்கீல் என்றேன். அவருக்கும் படகுக்கும் சம்பந்தமில்லை. மாமா யாரிடமும் சொல்லாமல் போர்டைக் கழற்றினார். புதியவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வழக்கு நடந்தது. அந்தக் காலம் முழுக்க நான் பள்ளிக்குப் போனேன், வந்தேன், விடைத்தாள் திருத்தினேன், கேட்டவர்களுக்கு இன்னும் ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

கடைசியில் நீதிமன்றம் படகைப் பறித்துக்கொண்டு ஆட்களை அனுப்பியது. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து அப்பாவை வேனில் கூட்டிவந்தோம். மாமா வண்டி ஓட்டினார். அப்பா மெலிந்திருந்தார். களியக்காவிளை தாண்டினோம். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"தொடக்கத்துல ஒருத்தன் வந்தான். ஒடஞ்ச மலையாளம் பேசினான். நம்ம எஞ்சினத் தொறந்து, அவனே கைய விட்டுப் பாத்தான். பழுதுதான்னு கூட வந்த ஆபீசருகிட்டச் சொன்னான். கரிக் கையோட எங்ககூட இருந்து சாயா குடிச்சான். ஒரு வாரத்துல வீட்டுக்குப் போயிரலாம்னான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "பெறகு அந்தப் பக்கமே வரல்ல. ஏமாத்திட்டான்."

மாமா சாலையையே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"அவன் யாரா இருக்கும் மக்ளே?" என்றார் அப்பா. "நீ படிச்சவல்லா."

தெரியாதுப்பா என்றேன்.