அம்பாசிடரின் பின்விளக்குகள்

என் வீட்டுக்காரர் போன பங்குனியில் இறந்துபோனார். கோவில்பட்டி மார்க்கெட் பக்கம் எங்களுக்கு விதைக்கடை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பியவர், செருப்பை மாட்டக் குனிந்தபடியே சரிந்துவிட்டார். ஃபோன் வந்தபோது நான் ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேன், கதவைப் பூட்டினேன், ஆட்டோ பிடித்தேன். வழியில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. ஒரு சரக்கு ரயில் போய் முடியும் வரை அதன் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு என்ன நினைத்தேன் என்று இப்போது கேட்டால், பெட்டிகள் எல்லாம் ஒரே நிறமாக இருந்தன என்பதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவர்கள் மேல் அடித்த பவுடர் வாசமும் வியர்வை வாசமும் தெரிந்தன. அழுகை மட்டும் வரவில்லை.

அவருடைய அக்கா, என் மதினி, கழுகுமலையிலிருந்து துட்டி கேட்க வந்தவள் திரும்பிப் போகாமல் என்னோடு தங்கிவிட்டாள். அவளும் வீட்டுக்காரரை இழந்து ரொம்ப வருசம் ஆயிற்று. முழங்கால் வலி வரும் வரை தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டினவள். தினமும் காலையில் பாயைச் சுருட்டும்போது ஒரு பாட்டம் அழுவாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு என்னைப் பார்ப்பாள்.

“ஏட்டி, உனக்கு ஒரு சொட்டு கூட வரலயா?”

“வரல மதினி.”

“என்ன நெஞ்சோ உனக்கு.”

அவள் அப்படிச் சொன்னதுகூட வலிக்கவில்லை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவருடைய பழைய அம்பாசிடர் நின்றது. யாரோ மில்காரர் வீட்டில் பல வருசமாக ஓடாமல் கிடந்ததை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரி பண்ணினார். இன்ஜின் வேலை முடிந்தது, சீட்டு தைத்தாயிற்று, வெள்ளை பெயின்ட்டும் அடித்தாயிற்று. “டெயில் லைட்டு மட்டும்தான் பாக்கி” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தக் காரைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. கைக்காசையும் ஞாயிற்றுக்கிழமையையும் தின்கிற ஒரு சாமான், அவ்வளவுதான்.

ஒருநாள் சாக்கு எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். இடது பக்கப் பின்விளக்கு கழன்று வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளி வைத்தேன், மறுபடி தொங்கியது. டிக்கியைத் திறந்து பார்த்தால், விளக்கைப் பிடித்திருந்த ஒரு நட்டு துருவேறி உடைந்திருந்தது. இன்னொன்று மிச்சம். அவருடைய ஸ்பானரை எடுத்துத் திருகினேன். அசையவில்லை. தையல் மெஷின் எண்ணெயைக் கொண்டுவந்து நாலு சொட்டு விட்டேன். அன்று சாயங்காலமும் திருகிப் பார்த்தேன். மறுநாள் காலை எழுந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த நட்டு. அது கழன்றுவிட வேண்டும். அவர் போன பிறகு நான் ஆசைப்பட்ட ஒரே விஷயம் அதுதான்.

கழன்றது. விளக்கைப் பிடித்திருந்த வார்ப்புக் கூட்டைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே கரிசல் மண் கட்டியாக இறுகியிருந்தது. அதற்கும் உள்ளே பழைய குளவிக்கூடு ஒன்று. வெளிப்பக்கம் பூசியிருந்த குரோம் கொப்புளம் கொப்புளமாக உரிந்து, அம்மைத்தழும்பு மாதிரி குழி விழுந்திருந்தது. சிவப்புக் கண்ணாடி வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. அடியில் வைத்திருந்த ரப்பர் தொட்டதும் பொடிந்தது. வலது பக்கத்தையும் கழற்றினேன். இரண்டையும் சாக்கில் வைத்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மதினி வந்து நின்றாள்.

“இங்கன என்ன செய்யுத?”

“டெயில் லைட்டைக் கழட்டுதேன்.”

“அவன் போயி இன்னும் மாசம் திரும்பல. நீ காரைப் பிரிச்சுப் போட்டு விளையாடிக்கிட்டு இருக்க. அழத்தான் மாட்டேங்க, வந்து போறவியளுக்காவது சும்மா உக்காரக் கூடாதா?”

நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன். அவள் ஏதோ முனகிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவளே வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “புளி போட்டுத் தேயி, பளபளன்னு வரும்” என்றாள். அவளே உருண்டை புளியைக் கொண்டுவந்து ஒரு ஓரத்தில் தேய்த்தாள். பளபளக்கவில்லை, கறுத்துப்போயிற்று. “இது பித்தளை இல்ல போலுக்கு” என்று கையைக் கழுவினாள். பாலிஷ் போடுகிற கடைக்கு இரண்டு கூட்டையும் பையில் போட்டுக் கொண்டுபோனேன். கடைக்கார அண்ணாச்சி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, “குழி விழுந்த வார்ப்பும்மா. முலாம் நிக்காது. பட்டி போட்டு அடைச்சு, தேச்சு, சில்வர் பெயின்ட் அடிச்சிருங்க” என்றார்.

அப்படியே செய்தோம். செய்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் பட்டியை அப்பிக் காயவைப்பேன். வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது மதினி. தேய்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுவாள். “இந்தா, இங்கன மேடா இருக்கு” என்பாள். எனக்கு எல்லாம் சமமாகத்தான் தெரியும். சித்திரை வெயிலில் தகரம் அடுப்பாகக் காய்ந்தது. பட்டித் தண்ணீர் சாம்பல் நிறத்தில் முழங்கை வரை வழிந்தது. வெளுத்த கண்ணாடியைப் பல் விளக்கும் பேஸ்ட் வைத்துத் தேய்த்தேன். கொஞ்சம் சிவப்பு திரும்பியது. பழைய ஸ்கூட்டர் ட்யூபை வெட்டி அடி ரப்பர் செய்தோம்.

ஒருநாள் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரவிய போனப்ப எனக்கும் வரல.”

“என்னது மதினி?”

“அழுகைதான். மத்தவிய அழுததைப் பாத்து, நானும் அழணும்னு வாயைத் திறந்தேன். சத்தம் வந்துச்சு. கண்ணீர் வரல. எங்க அம்மை மட்டும் கண்டுபிடிச்சிட்டா.”

“அப்புறம் வந்துச்சா?”

“இப்பத்தான் வருது. தம்பிக்கு அழுதேன்னு நீ நெனைக்க. நெசமா யாருக்கு அழுதேன்னு எனக்கே தெரியல.”

நான் அவள் கையிலிருந்த வாட்டர் பேப்பரை வாங்கிக்கொண்டு புதுசு ஒன்றைக் கொடுத்தேன்.

பெயின்ட் காய்ந்ததும் விளக்குகளைப் பூட்டினோம். பேட்டரி மாட்ட எலக்ட்ரீசியன் வந்தார். சுவிட்சைப் போட்டபோது வலது பக்கம் எரிந்தது, இடது பக்கம் எரியவில்லை. பல்பை மாற்றினேன், எரியவில்லை. எலக்ட்ரீசியன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“நல்லா அடிச்சிருக்கீங்க பெயின்ட்டை, இந்தப் பக்கம் உள்ள வரைக்கும். பெயின்ட்டு மறைச்சா எர்த் எங்க இருந்து வரும்? நட்டு உக்காருத இடத்தைச் சுரண்டி விடுங்க.”

அத்தனை நாள் தேய்த்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சுரண்டினேன். மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிரேக் விளக்கு பார்க்க ஒருவர் உள்ளே உட்கார வேண்டும். எலக்ட்ரீசியன் போய்விட்டிருந்தார். மதினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். வாழ்க்கையில் முதல்முறை.

“எதை மிதிக்கணும்?”

“நடுவுல உள்ளதை.”

“மிதிச்சிட்டேன். எரியுதா?”

இரண்டு பக்கமும் எரிந்தது. கொட்டகைச் சுவரோரம் இருந்த சாக்குகள் எல்லாம் சிவப்பாகின. என் கை, சேலை, எல்லாம் சிவப்பு. ஏதாவது வரும் என்று நின்றேன். வரவில்லை. அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன், அதுவும் வரவில்லை.

“ஏட்டி, எரியுதான்னு கேக்கேன்லா? காலு வலிக்கி.”

“எரியுது மதினி. எடுத்திருங்க.”

வைகாசி பிறந்ததும் அவள் ஊருக்குக் கிளம்பினாள். பஸ்ஸில் போகிறேன் என்றவளை அம்பாசிடரில்தான் கொண்டுபோய் விட்டேன். வாடகைக் கார் ஓட்டுகிற பக்கத்து வீட்டுக்காரர் ஓட்டினார். நாங்கள் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்தோம். உழுதுபோட்ட கரிசல் காடு இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. எதிர்க்காற்றில் புழுதி வாய்க்குள் வந்தது. மதினி கண்ணாடியை ஏற்றவும் விடவில்லை.

அவள் வீட்டு வாசலில் இறங்கினாள். பையை உள்ளே வைத்துவிட்டு மறுபடி வெளியே வந்து, காரின் பின்பக்கம் போய்க் குனிந்தாள். விளக்கில் படிந்திருந்த புழுதியை முந்தானையால் துடைத்தாள். முதலில் இடது, அப்புறம் வலது. பிறகு முன்பக்கம் வந்து நின்று பார்த்தாள்.

“முன்னாடி லைட்டு ரெண்டும் மங்கித்தான் கெடக்கு.”

“ஆமா மதினி.”

“கழட்டி வையி. ஆடி கழிச்சு வாரேன்.”

சரி என்றேன். கார் திரும்பியது. ஊர் எல்லை தாண்டுவதற்குள், அவர் போன பிறகு முதல்முறையாக, அசந்து தூங்கிவிட்டேன். கோவில்பட்டியில் வீட்டு முன்னால் நிறுத்தி, டிரைவர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.