அரை மீசையும் முழுக் கழுத்தும்

பிரிக்ஃபீல்ட்ஸில் தம்புசாமியின் முடிவெட்டுக் கடைக்குள் நுழைகிறவர்களில் பாதிப் பேர்தான் முடிக்காக வருகிறவர்கள். மீதிப் பேர் கழுத்தைக் கொடுக்க வருகிறவர்கள். வெட்டி முடித்து, பவுடர் அடித்து, துண்டை உதறிய பிறகு தம்புசாமி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொள்வார். "மூச்ச விடு பாஸ்" என்பார். வலப்பக்கம் ஒரு சொடக்கு, இடப்பக்கம் ஒரு சொடக்கு. ரயிலுக்குப் போகிறவர்கள் அந்தச் சத்தத்தில் ஏதோ டயர் வெடித்துவிட்டது என்று நின்று பார்த்ததுண்டு. ஒரு வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணி இங்கே சொடக்கு எடுத்துக்கொண்டு ஓர் அங்குலம் வளர்ந்துவிட்டதாகவும், ஊர் திரும்பியதும் கால்சட்டை எல்லாம் புதிதாகத் தைக்க வேண்டியிருந்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. தம்புசாமி அதை மறுத்ததில்லை. அரை அங்குலம்தான் என்று அடக்கமாகத் திருத்துவார்.

முப்பத்தெட்டு வருஷத் தொழிலில் எத்தனையோ கழுத்து. அவர் வெளியே சொல்லிக்கொள்ளாத கழுத்து ஒன்றே ஒன்று. ஆறு வருஷத்துக்கு முன், மோட்டார்சைக்கிளிலிருந்து விழுந்த மறுநாள் ஒருவன் வந்து உட்கார்ந்தான். சுளுக்கு என்றான். தம்புசாமி திருப்பிவிட்டார். மூன்று வாரம் அவன் வலது கை மரத்துக் கிடந்தது. பிறகு சரியாகி, அவனே வந்து சிரித்துக்கொண்டே அதைச் சொல்லிவிட்டுப் போனான். தம்புசாமிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்று முதல், தலையைப் பிடிக்குமுன் பிடரியை ஒரு விரலால் மெதுவாக அழுத்திப் பார்ப்பார். அதை ஏதோ தொழில் ரகசியம் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கடைக்கு வந்தவர் இக்னேஷியஸ். இருபத்திரண்டு வருஷ வாடிக்கை. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, ரயில்வேயிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரைத் தெரியாதவர்களுக்கும் அவர் மீசையைத் தெரியும். இரண்டு நுனியும் மேலே பார்த்து நிற்கும். அவர் பேருந்தில் ஏறினால் மீசைக்கும் சேர்த்து டிக்கெட் கேட்பார்கள் என்று பிரிக்ஃபீல்ட்ஸில் கேலி செய்வார்கள். மழைக்காலத்தில் மீசை நனையக் கூடாது என்று குடையை முன்பக்கமாகச் சாய்த்துப் பிடித்து நடப்பார். முதுகு தொப்பலாக நனையும், அதைப் பற்றிக் கவலையில்லை.

அன்றைக்கு அவர் கடைக்குள் வந்த விதமே தம்புசாமிக்குப் பிடிக்கவில்லை. பெஞ்சில் காத்திருந்த ஓய்வுபெற்ற குமாஸ்தா ரமணி, பத்திரிகைக்கு மேலாக, "என்ன இக்னேஷியஸ், மகளுக்குக் கல்யாணமாமே" என்றார். இக்னேஷியஸ் தலையைத் திருப்பவில்லை. அலமாரியை நகர்த்துவதுபோல உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு பதில் சொன்னார். ஒரு கை தாடைக்கு அடியில் இருந்தது, யாரோ தலையைக் கொடுத்துப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்ன மாதிரி.

"சாமி, சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ஜானிஸுக்குக் கல்யாணம். கிள்ளான் சர்ச்ல நான்தான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவணும். மீசைய கொஞ்சம் ஒழுங்கு பண்ணு. அப்புறம் ஒரு சொடக்கு எடுத்து விடு. கழுத்து புடிச்சிக்கிச்சு."

"எப்பப் புடிச்சிச்சு?"

"நேத்து சாயந்தரம் செராஸ்ல சிக்னல்ல நிக்கிறேன், பின்னால லோரி வந்து மோதிட்டான். ஒண்ணும் இல்லலா. நான்தான் எறங்கிப் போயி அவனை நல்லா ஏசினேன். போலீஸ் ரிப்போர்ட் போட்டேன், நாசி லெமாக் வாங்கிச் சாப்பிட்டேன், வீட்டுக்கு வந்தேன். ராத்திரிதான் இழுக்க ஆரம்பிச்சிச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போவல?"

"ஏசுறதுக்குத் தெம்பு இருந்திச்சு. எதுக்கு ஆஸ்பத்திரி?"

தம்புசாமி நாற்காலியைச் சாய்க்கவில்லை. வழக்கமாகச் சாய்ப்பார். பிடரியின் ஓரத்துச் சதையில் முதலில் விரலை வைத்தார். சுளுக்கென்றால் அங்கேதான் முடிச்சு முடிச்சாக நிற்கும், அழுத்தினால் வலித்துக்கொண்டே கொஞ்சம் இளகும். அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. விரல் நடு எலும்புக்கு வந்தது. தொட்டாரோ இல்லையோ, இக்னேஷியஸின் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறின.

"கைல ஏதாச்சும் பண்ணுதா?"

"சுண்டு விரல் ரெண்டுலயும் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. தூங்கும்போது கை மடங்கியிருக்கும்."

"சட்டை மேல்பட்டனைக் கழட்டு."

இக்னேஷியஸ் கையை உயர்த்தினார். பட்டன் நழுவியது. மறுபடியும் நழுவியது. நாற்பது வருஷம் ரயில்வே சீருடைக்குப் பட்டன் போட்ட விரல்கள் அவை.

தம்புசாமி பிடரியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்த மோட்டார்சைக்கிள்காரனின் கை கண் முன்னே வந்து தொங்கியது.

"பாஸ், இன்னைக்குச் சொடக்கு கிடையாது. ஆம்புலன்சைக் கூப்பிடுறேன். வர்ற வரைக்கும் ஆடாம உக்காந்திரு."

"உனக்குக் கிறுக்கா? சுளுக்குக்கு ஆம்புலன்சா? அங்க கொண்டு போயி நாலு நாள் படுக்கப் போட்டுருவான். மண்டபம், சாப்பாடு, துணி, எல்லாம் யாரு பாக்குறது?"

"வீட்ல உர்சுலாக்கா இருக்கு, அது பாத்துக்கும்."

"அவ பாத்துக்கிட்டாத்தான் நான் பயப்படணும்." இக்னேஷியஸ் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினார். "நீ எடுக்கலன்னா போ. எதிர்த்தாப்புல குரு கடை இருக்கு. அவன் உன்ன விட சத்தமா எடுக்குறானாம்."

இது தம்புசாமியின் நெஞ்சில் குத்த வேண்டிய வார்த்தை. குத்தவும் செய்தது. ஆனால் அவர் பயந்தது அதற்கில்லை. குரு நல்ல பையன், கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாதவன். சாலையைக் கடந்தால் இருபது அடி. இருபது அடிக்கு அப்பால் அந்தத் தலை ஒரு திருப்புத் திரும்பும்.

பிடித்து இழுத்து உட்கார வைக்க முடியாது. இழுத்தால் அதுவே போதும். கெஞ்சினால் கேட்கிற ஆளுமில்லை. தம்புசாமி கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் இக்னேஷியஸ் எதை விட்டுவிட்டு வெளியே போகமாட்டார் என்பது அவருக்குத் தெரிந்தது.

"சரி பாஸ், உன் இஷ்டம். மீசைய மட்டும் முடிச்சிட்டுப் போ. பாதில எழுந்து போனா எனக்குத்தான் கேவலம்."

இக்னேஷியஸ் கைப்பிடியை விட்டார். தம்புசாமி அவர் நெற்றியை ஒரு கையால் அசையாமல் தாங்கிக்கொண்டு, மறுகையால் மெஷினை எடுத்தார். ஒரே இழுப்பு. இடப்பக்க மீசை அப்படியே துண்டில் விழுந்தது.

ரமணியின் பத்திரிகை கீழே விழுந்தது. 

"இப்பப் போ குரு கடைக்கு" என்றார் தம்புசாமி.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் இக்னேஷியஸ் தமிழிலும் மலாயிலும் இங்கிலீஷிலும் சொன்னவற்றை ரமணி இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஆனால் இக்னேஷியஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பாதி மீசையோடு அந்தச் சாலையைக் கடப்பதா? காலை ஒன்பது மணிக்கு அங்கே பூக்கடை, பலகாரக் கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை எல்லாம் திறந்திருக்கும்.

தம்புசாமி இரண்டு துண்டுகளைச் சுருட்டிக் கழுத்தின் இருபக்கமும் அணை கொடுத்தார். பின்னால் நின்று, தலை எப்படி இருந்ததோ அப்படியே இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார். திருப்பவில்லை, தூக்கவில்லை. "ரமணி, ட்ரிபிள் நைனுக்கு போன் அடி, ஆம்புலன்ஸ் வரட்டும். கழுத்து எலும்பு, கை மரத்திருக்குன்னு சொல்லு. அப்புறம் உர்சுலாக்காவுக்கு அடி."

"மீசையையும் சொல்லவா?"

"அத அவங்க வந்து பாக்கட்டும்."

ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிஷம் ஆனது. அதுவரைக்கும் தம்புசாமி அந்தத் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. வந்தவர்கள் கழுத்துக்குப் பட்டை போட்டுப் பலகையில் படுக்க வைத்து, தூக்கிக்கொண்டு போகும்போது இக்னேஷியஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வாயை மூட ஒரு துணி.

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் ஷாமினி, ஸ்கேன் படத்தை விளக்கில் காட்டி இக்னேஷியஸின் மனைவி உர்சுலாவிடம் சொன்னார்: "கழுத்து எலும்புல சின்ன விரிசல். நகரல, அதனால தப்பிச்சாங்க. விபத்தான உடனே வலி தெரியாது ஆன்டி, படபடப்புல உடம்பு மறைச்சிடும். மறுநாள்தான் தெரியும். இத யாராவது புடிச்சுத் திருப்பியிருந்தா, கை கால் விழுந்திருக்கலாம்." பிறகு கட்டிலைப் பார்த்தார். "மீசை மட்டும் எப்படி இப்படி? அதுவும் எக்சிடென்டா?"

"இல்ல டாக்டர்," என்றாள் உர்சுலா. "அதுதான் முதலுதவி."

பதினொரு நாள் கழித்து, கிள்ளான் தேவாலயத்தில் ஜானிஸ் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இக்னேஷியஸின் கழுத்தில் விறைப்பான பட்டை. அதன் மேல் கல்யாணப் புடவையில் மிஞ்சிய பட்டுத் துணியை வெட்டி உர்சுலா உறை தைத்திருந்தாள். மீதி மீசையையும் மழித்துவிட்ட மேலுதடு, முப்பது வருஷம் வெயில் பார்க்காமல் வெளுத்திருந்தது. பண்டமாரானிலிருந்து வந்திருந்த சொந்தக்கார அம்மா ஒருத்தி, பெண்ணின் அப்பா எங்கே என்று அவரிடமே கேட்டாள். எப்போதும் இருபக்கமும் திரும்பித் திரும்பி வணக்கம் வைத்துக்கொண்டு நடக்கும் மனிதர், அன்று நேராகப் பார்த்து, ராஜா மாதிரி நடந்தார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு கம்பீரமா என்று கூட்டம் வியந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தம்புசாமி மட்டும் ஒவ்வோர் அடியிலும் அந்தக் கால்களையும், மகளின் விரல்களைப் பிடித்திருந்த கையையும் கவனித்துக்கொண்டிருந்தார். பிடி இறுக்கமாக இருந்தது.

கடையில் இப்போது சொடக்கு கிடையாது. வாடிக்கை குறையும் என்று ரமணி பயமுறுத்தினார். குறையவில்லை, கழுத்தைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று தெலுக் பங்லிமா காராங்கிலிருந்தெல்லாம் வந்தார்கள், வந்தவர்கள் முடியும் வெட்டிக்கொண்டார்கள். எதிர்க்கடை குரு ஒரு நாள் மத்தியானம் சாலையைக் கடந்து வந்து, "அண்ணே, அன்னைக்கு எந்த இடத்துல வெரல வெச்சீங்க" என்று கேட்டான். தம்புசாமி அவனை நாற்காலியில் உட்கார வைத்து, அவன் பிடரியிலேயே காட்டிக் கொடுத்தார். அவனும் சொடக்கை விட்டுவிட்டான்.

மூன்று மாதம் கழித்துப் பட்டை கழன்றது. இக்னேஷியஸ் புது மீசையோடு வந்து உட்கார்ந்தார். மேல்பட்டனைத் தானே கழற்றினார், ஒரே முயற்சியில்.

"ரெண்டு பக்கமும் ஒரே அளவா வெட்டு சாமி. ஒரு பக்கத்தோட நிறுத்திராத."

"சொடக்கு வேணாமா பாஸ்?"

"ஒண்ணும் வேணாம்லா."

வேலை முடிந்து இக்னேஷியஸ் வெளியே போனார். சாலை ஓரத்தில் நின்றார். தலையை மெல்ல வலப்பக்கம் திருப்பினார், முழுதாக. இடப்பக்கம் திருப்பினார், அதுவும் முழுதாக. வண்டி எதுவும் வரவில்லை. மீசையை ஒருமுறை நீவிவிட்டுக் கடந்து போனார்.

வாசலில் துண்டை உதறிக்கொண்டு நின்ற தம்புசாமி, அடுத்த ஆளைக் கூப்பிட மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.