மறுப்பதற்கு ஒரு விரல்

மருத்துவமனை நடைக்கூடத்தில் ஸ்கேனுக்காகக் காத்திருந்தபோது என் கட்டைவிரல் வேலைநிறுத்தம் செய்தது. போனில் வைத்தேன், ஏற்கவில்லை. துடைத்து வைத்தேன். துப்பட்டாவில் தேய்த்து வைத்தேன். ஊஹூம்.

வீட்டிலிருந்து அழைத்த கணவர் எட்வின் லைனில் காத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டெல்லா, அத்தையோட பென்ஷன் அக்கவுன்ட் பாஸ்வேர்டு என்னம்மா? சீக்கிரம் சொல்லு."

தெலுங்கும் உருதும் புழங்கும் மெட்டுகுடாவில் எங்களோடு வசிக்கும் என் அம்மாவுக்கு ரயில்வே குடும்ப ஓய்வூதியம். அந்த வங்கிக் கணக்கு, மின்கட்டணம், மகள் ஷெரின் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், எல்லாவற்றின் சாவிகளும் என் போனிலிருந்த பெட்டகத்தில் (கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் செயலி) இருந்தன. அந்தப் பெட்டகத்தின் கடவுச்சொல்லை எப்போதோ மறந்திருந்தேன். விரல்தான் இருக்கிறதே என்ற தெனாவட்டு.

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை முடிந்து, கீமோ மாத்திரைகள் (புற்றணுக்களை அழிக்கும் மருந்து) எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளங்கை சிவந்து, எரிந்து, தோல் உரிந்தது. கை-கால் நோய்க்குறி (மருந்தினால் உள்ளங்கையும் பாதமும் புண்ணாகும் பக்கவிளைவு) என்றார் மருத்துவர். சென்னையில் படித்தவர், தமிழ் பேசுவார்.

"ரேகை திரும்ப வருமா டாக்டர்?"

"பெரும்பாலும் வரும். டோஸ் குறைக்கலாம். என்ன அவசரம், ஆதாருக்கா?"

"நான் போயிட்டா வீட்டுல யாருக்கும் ஒண்ணும் திறக்காது டாக்டர்."

"ஸ்கேன் ரிப்போர்ட் வரட்டும்" என்றார். நான் சொன்னதற்கு அது பதில் இல்லை.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. களிம்பு தடவுவேன், விரலை வைப்பேன், போன் மறுக்கும், மறுபடி தடவுவேன். சாவைவிட இந்தப் பூட்டுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. சாவுக்குப் பிறகு எனக்கு வேலை இல்லை, இவர்களுக்குத்தானே திண்டாட்டம்.

நவம்பரில் அம்மாவை உயிர்ச்சான்றுக்கு (ஓய்வூதியம் பெறுபவர் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் கைரேகை வைத்துக் காட்டுவது) அழைத்துப் போனேன். ஒரே தொடுதலில் இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

"பாத்தியா, நான் இருக்கேன்!" என்று அம்மா சிரித்தார்.

எனக்குப் பொறாமையாக இருந்தது. பெற்றவளிடமே பொறாமைப்படுகிறேனே என்று அழுகையும் வந்தது.

மருந்தளவைக் குறைத்த பிறகு தோல் மெல்லத் தேறியது. ஒரு காலையில், பல் துலக்கும் முன்பே, விரல் வைத்ததும் பெட்டகம் திறந்தது. அந்தக் கழுவாத முகத்தோடே உட்கார்ந்து முதலில் விரலை வைத்தே கடவுச்சொல்லை மாற்றினேன். அடுத்து அதிலிருந்த 'அவசர நபர்' வசதியைத் தேடிப் பிடித்தேன். நாம் நியமிப்பவர் தன் போனிலிருந்து திறக்கச் சொல்லிக் கேட்கலாம். உடனே நமக்குத் தகவல் வரும். நாம் மறுத்தால் திறக்காது. குறித்த காலம்வரை நம்மிடமிருந்து பதிலே இல்லையென்றால் திறந்துவிடும்.

கீமோவில் இருப்பவர்கள், விரலில் தோல் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

எட்வின் பாஸ்வேர்டு என்றாலே பதறுவார். ஷெரினை நியமித்தேன். கல்லூரிக்குப் போகும் பெண், சமாளிப்பாள் என்று நினைத்தேன்.

"ஒருவாட்டி கேட்டுப் பாருடி, வேலை செய்யுதான்னு பார்க்கலாம்."

"நக்கோ மம்மி. கைக்கு இதெல்லாம்? நீ இருக்கும்போது நான் எதுக்குக் கேக்கணும்?" வேண்டாம், எதுக்கு, ஆமாம் எல்லாம் அவளுக்கு ஊர் உருதுவில் நக்கோ, கைக்கு, ஹவ்.

"இருக்கும்போதே கேட்டாதான் எனக்குத் தூக்கம் வரும்."

நான் நீட்டிய தன் போனைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் என் போனில் செய்தி வந்தது: ஷெரின் உங்கள் பெட்டகத்தைத் திறக்கக் கேட்கிறார். பேசாமல் இருந்து, காலம் முடிந்ததும் திறக்கிறதா என்று பார்ப்பதுதான் என் திட்டம்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "மம்மி, ரிஜெக்ட் பண்ணு!"

"திறக்குதான்னு பார்க்க வேண்டாமா?"

"ரிஜெக்ட் பண்ணு மம்மி, ப்ளீஸ்!" அவள் அழுதுகொண்டிருந்தாள். மறுத்தேன்.

இப்போதைக்கு ஸ்கேனில் ஒன்றுமில்லை. அடுத்த ஸ்கேன்வரைதான் எனக்கு நாட்காட்டி. அதற்கப்பால் எதையும் யோசிப்பதில்லை. விரல் நுனிகள் இன்னும் மரத்திருக்கின்றன, தொடுவது பாதிதான் தெரிகிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் ஷெரின் தன் அறையிலிருந்து கோரிக்கை அனுப்புகிறாள். வாரம் தவறுவதில்லை. நான் செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு, ஈரக்கையைத் துடைத்து, விரல் வைத்து மறுக்கிறேன்.

"ஹவ், நீ இருக்கே!" என்று உள்ளேயிருந்து கத்துகிறாள்.